கொச்சியில் கை நனைக்காத சீனிச்சாமி

சீனிச்சாமி மச்சானோடு ஒரு தடவை வெளியூர் போய்வந்தவன் மறுதடவை போகமாட்டான். நான் போனேன். அவர் என் அக்காள் அக்கம்மாளைக் கட்டியவர். போகாவிட்டால் அக்காள் வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

ஓடைப்பட்டியில் அவருக்குக் கொஞ்சம் திராட்சைப் பந்தல் உண்டு. நல்ல விவசாயிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் எதையும் நம்பமாட்டார். கறவை மாடு வாங்கப் போனால் மாட்டைப் பார்க்கமாட்டார். அதை ஈன்ற மாடு எந்தக் கொட்டத்தில் நிற்கிறது என்று விசாரித்து அங்கே போவார். ஒரு தடவை தேனியில் மோட்டார் பம்பு வாங்கப் போனோம். கடைக்காரரிடம் விலையைக் கேட்கவில்லை. இதே பம்பை வேறு யார் வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டார். அந்த மனிதருடைய தோட்டம் பெரியகுளத்துக்கு அந்தப்பக்கம். அங்கே போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து பம்பு ஓடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். நான் வெயிலில் நின்றேன். கடைசியில் எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"வேணாம் மாப்ளே. இருமுது."

அவ்வளவுதான். பம்பு வாங்கவில்லை.

அப்பேர்ப்பட்டவர் மூத்த மகள் விஜியைப் போடிப் பக்கம் கொடுத்த கதைதான் எங்கள் வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகும்போது, முடிவு சொல்லுகிற வரைக்கும் அங்கே பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சம்மதம் சொன்னதாக ஆகிவிடும். மச்சான் போடிக்குப் போனது சித்திரை வெயிலில். மாப்பிள்ளை வீட்டில் ஒன்றும் தொடவில்லை. திரும்பும்போது தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு கலர் சோடா வாங்கிக் குடித்தார். அந்தக் கடை மாப்பிள்ளையின் சித்தப்பன் கடை. "சம்பந்தி கை நனச்சுட்டாக!" என்று அந்த ஆள் தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டான். நாலு பேர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மனுசனுக்கு அதற்குமேல் வாய் வரவில்லை. விஜியைக் கொடுத்தார். மாப்பிள்ளை குடிகாரன், கைநீட்டுகிறவன். இரண்டு வருசத்தில் விஜி கைக்குழந்தையோடு வீடு வந்து சேர்ந்தாள்.

இரண்டாயிரத்து மூன்று மாசியில் இளையவள் முனீஸ்வரிக்கு ஒரு இடம் வந்தது. பையன் பெயர் வேல்பாண்டி. உத்தமபாளையம் பக்கத்து ஆட்கள், ஒரு தலைமுறைக்கு முன்னாலேயே கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போய்விட்டவர்கள். தகப்பன் இல்லை. தாயாரும் அவனும் மட்டும். வாழை இலை வியாபாரம். சின்னமனூரில் ஒரு கல்யாணத்தில் முனீஸ்வரியைப் பார்த்திருக்கிறான், அவளும் அவனைப் பார்த்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மச்சான் உடனே பையைத் தூக்கினார். துணைக்கு நான். கேரளத்து வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத்தில் பல வருசம் கிடந்தவன், மலையாளம் பேசுவேன். நாலாங் கிளாசோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு அது ஒன்றுதான் படிப்பு. கிளம்பும்போது முனீஸ்வரி என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

"மாமா, எங்கப்பா அங்கன போயி எதையாச்சும் நொட்டை சொல்லிக் கலச்சுட்டு வந்தாருன்னு வையி, அவர ஒண்ணும் கேக்க மாட்டேன். உன்னயத்தான் கேப்பேன்."

"ஏன் ஆத்தா, நான் என்ன செய்வேன்?"

"என்னமும் செய்யி. இருமுதுன்னு மட்டும் சொல்லிட்டு வரக்கூடாது."

குமுளி, கோட்டயம் வழியாக எர்ணாகுளம் போய் இறங்கினபோது நன்றாக விடிந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். மச்சான் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஆட்டோ எதுக்கு? நடப்போம்."

"படகு ஏறுற ஜெட்டி தூரம் மச்சான்."

"எம்புட்டுத் தூரம்னு நடந்தாத்தான தெரியும்."

நடந்தோம். எர்ணாகுளமும் கொச்சியும் ஒரே ஊர் மாதிரிப் பேசுவார்களே தவிர, இரண்டும் வேறு வேறு கரை. நடுவில் காயல் என்கிற உப்பங்கழி, அதில் ஒரு தீவு, தீவில் கப்பல் நிற்கிற துறை. இந்தக் கரையில் ஆபீசும் ஜவுளிக்கடையும். அந்தக் கரையில் மிளகு மூட்டை அடுக்கிய கிட்டங்கியும் இஞ்சி வாடையும் சீனவலையும். போக்குவரத்துக்குப் போட்டு, அதாவது மோட்டார் படகு. மச்சான் பிறந்ததிலிருந்து முல்லையாற்றைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்ததில்லை. போட்டு கிளம்பி ஆடியதும் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் மீன்கூடையோடு தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு ரோசம் வந்து ஒரு கையை எடுத்துவிட்டார்.

மட்டாஞ்சேரியில் இறங்கினதும் விசாரணை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுதான் முறை. எங்கள் ஊரில் ஒரு டீக்கடையில் கேட்டால் போதும். பையன் எட்டாவதில் பெயிலானது முதல் போன மாசம் யாரோடு சண்டை போட்டான் என்பது வரைக்கும் வந்துவிடும். இங்கே கடைக்கடையாகக் கேட்டேன். "ஏது வேலு? அறியில்ல சேட்டா." வேலையைப் பார்த்துக்கொண்டே தெரியாது என்றார்கள், முகத்தைக்கூடத் தூக்கவில்லை. சவரக்கடையில் கேட்டோம். அவன் மச்சானுக்குச் சவரம் வேண்டுமா என்று திருப்பிக் கேட்டான்.

எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்காரப் போனேன்.

"ஏலே, எந்திரி!"

"ஏன்?"

"இது மாப்ள ஊரு. இங்கன கை நனைக்கக் கூடாது."

"மச்சான், மாப்ள வீட்லதான் நனைக்கக் கூடாது. இது எவனோ ஒரு மலையாளத்தான் கடை."

"போடியிலயும் எவனோ ஒருத்தன் கடைன்னுதான் நெனச்சேன்."

ஊரே இவருக்கு மாப்பிள்ளை வீடு. மிளகுக் கிட்டங்கி, மாட்டு வண்டி, அரண்மனை, கோயில், பள்ளிவாசல் எல்லாம் சம்பந்தி வீட்டுத் தாழ்வாரம். இதற்குள் ஒரு சொட்டு டீ இறங்கக்கூடாது. ஆகவே ஒரு டீ குடிப்பதற்காக இரண்டு பேரும் திரும்ப ஜெட்டிக்கு நடந்து, போட்டு ஏறி, காயலைத் தாண்டி எர்ணாகுளம் வந்தோம். டீயைக் குடித்தோம். குடித்துவிட்டு மறுபடியும் போட்டு.

இந்தத் தடவை வேறு போட்டில் ஏறினார். அது கோட்டைக் கொச்சியில் கொண்டுபோய் இறக்கியது. "தப்பான போட்டு மச்சான்" என்றேன். "தெரியும், ஏறினா எங்கன விடுதுன்னு பாக்கணும்ல" என்றார். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு நடை. வெள்ளைக்காரர்கள் சீனவலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருத்திருப்பம் ஒவ்வொன்றிலும் நின்று, பின்னால் திரும்பி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டார். மருந்துக்கடை, மரம், சிலுவை வைத்த மேடை என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

வேல்பாண்டியின் வீட்டை ஒருவழியாகக் கண்டுபிடித்தோம். ஓட்டு வீடு, சின்னது. வாசலில் வாழைநார் குவியல். கதவு சாத்தியிருந்தது. எட்டத்தில் நின்று பார்த்தார். உள்ளே போவோம் என்றேன். "மொதல்ல சாப்ட்டு வருவோம்" என்றார். சாப்பிடவும் அக்கரைக்குத்தானே போகவேண்டும்? போனோம். டிக்கெட் கொடுக்கிறவர் எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

எர்ணாகுளம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இலைச்சாப்பாடு போடும் ஒரு ஓட்டல். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இலையைப் போட்டார்கள், தண்ணீர் தெளித்தோம், சோறு வந்தது, சாம்பார் வந்தது. மச்சான் இலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"மாப்ளே, இது நம்ம பக்கத்து எல."

"இருக்கட்டும். சாப்டுங்க."

"எவன் குடுக்கான்னு கேளு."

கேட்காமல் சோற்றைப் பிசைந்தேன். அவரே பரிமாறுகிறவனிடம் இலையைக் காட்டிக் கையை ஆட்டினார். அவன், "மட்டாஞ்சேரியிலெ வேலு, தமிழன்" என்றான். மச்சான் கையை உதறிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். ஓட்டல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாம்பாரில் பல்லி கிடக்கிறது என்று நினைத்துப் பக்கத்து மேசைக்காரர் தன் சாம்பாரைக் கரண்டியால் துழாவினார்.

ஓட்டல்காரர் கல்லாவை விட்டு ஓடிவந்தார். எந்தா காரியம், என்ன விசயம் என்று கேட்டார். என்னவென்று சொல்லுவது? எங்கள் பெண்ணுக்கு இலைக்காரனைப் பார்த்திருக்கிறோம், அதனால் அவன் இலையில் சாப்பிடக்கூடாது என்று மலையாளத்தில் சொன்னேன். அவர் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். புரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "வேலுவோ? நல்ல எல கொண்டு வரும். ஒரு எல கிழிஞ்சதுன்னு சொன்னா நம்மகிட்டத்தன்னே சண்டைக்கு வரும். வாய் கொஞ்சம் கூடுதலா" என்றார். அந்த நாள் முழுக்க அலைந்து கிடைத்த விசாரணை இவ்வளவுதான்.

நான் எழுந்திருக்கவில்லை. இலையில் இருந்ததை வழித்துச் சாப்பிட்டேன். வெளியே வந்தபோது மச்சான் ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு நின்றார்.

"கை நனச்சுட்டயில்ல?"

"பசிச்சது, நனச்சேன்."

"தாய்மாமன் கை நனச்சா பாதிச் சம்மதம்டா!"

"மீதிப் பாதிக்கு நீங்க பட்டினி கெடங்க. வந்து எத்தன நேரமாச்சு? பையனப் பாக்கல. ஆத்தாளப் பாக்கல. போட்டுல ஏறுறோம், எறங்குறோம். சும்மா கெடந்த மனுசன நடக்கவிட்டே கொல்றீக!"

"இன்னொரு தடவ போவோம்."

மறுபடியும் மட்டாஞ்சேரி. இந்தத் தடவை வீட்டு வாசல்வரை போனவர் கதவைத் தட்டவில்லை. அங்கிருந்து திரும்பி நின்று, "இப்ப போட்டு இல்லன்னு வச்சுக்க. எப்படிப் போவ?" என்றார். தோப்பும்படி போய்ப் பாலம் ஏறி, தீவைத் தாண்டி, இன்னொரு பாலம் ஏறினால் எர்ணாகுளம், பஸ் போகிறது என்றேன். "நடப்போம்" என்றார்.

பாலத்தின் நடுவில் எனக்குப் பொறுக்கவில்லை. மேலே வெயில். கீழே தண்ணீர், அந்தப்பக்கம் கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிற பாரந்தூக்கிகள். எங்களைத் தாண்டிப் பஸ் பஸ்ஸாகப் போகிறது. செருப்பு வார் வேறு அறுந்துவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"இதுக்கு மேல ஒரு அடி வைக்க மாட்டேன். பஸ்ஸு போகுது மச்சான், கண்ணு தெரியல?"

"பஸ்ஸு ஓடாட்டி? மாசத்துக்கு ஒருக்கா இங்கன கடையடைப்பு, பஸ் ஓடாதுன்னு நீதான சொன்ன."

"ஓடாட்டி என்ன? நமக்கென்ன? நாம இன்னைக்கு ஊருக்குப் போறோம்!"

"நமக்கில்லடா."

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். தண்ணீரைப் பார்த்தே பேசினார்.

"விஜி ஒரு தடவ போடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டா. தெரியுமா ஒனக்கு?"

எனக்குத் தெரியாது.

"அடிச்சிருக்கான். பிள்ளயத் தூக்கிட்டு ஓடியாந்துட்டா. எந்த பஸ்ஸு, எங்கன மாறணும், ஒண்ணும் தெரியல. எங்க போனாலும் நான் முன்னால போவேன், அவ பின்னால வருவா. கல்யாணத்துக்குப் பெறகு அவன் பின்னால. தனியா ஒரு பஸ்ஸு ஏறினதில்ல. அங்கனயே சாயந்தரம் வரைக்கும் நின்னுருக்கா. அவுக வந்து கூட்டிட்டுப் போயிட்டாக. அதுக்கப்பறம் ஒரு வருசம் அங்கனதான் கெடந்தா. போடிடா. நம்ம ஊருக்கும் அதுக்கும் எம்புட்டுத் தூரம்? இது கொச்சி. நடுவுல தண்ணி வேற."

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பையன் நல்லவனா இருப்பான். இல்லாமயும் இருப்பான். அத எவன்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்க? வந்த வழி தெரிஞ்சா போதும்னு நெனச்சேன். அதான் நடக்கேன்."

"இத காலைலயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றேன். குரல் நான் நினைத்த அளவுக்கு ஏறவில்லை. "சொல்லியிருந்தா நல்ல செருப்பாப் போட்டு வந்திருப்பேன்ல."

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு டி.வி.எஸ். ஐம்பது வந்து எங்களைத் தாண்டிப் போய் நின்றது. வண்டியே தெரியாத அளவுக்கு இலைக்கட்டு. கட்டுக்கு நடுவிலிருந்து ஒரு தலை திரும்பியது.

"ஓடைப்பட்டி மாமாகளா? ஓட்டல்ல சொன்னாக. எலையக் கண்டு எந்திரிச்சு ஓடுன ஆளு நீங்கதானா?"

இலைக்கட்டைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. வேல்பாண்டி. மச்சான் வேட்டியை இறக்கிவிட்டார். நான் செருப்பைப் பின்னால் மறைத்தேன்.

"வீட்டுக்குப் போங்க, ஆத்தா இருக்கும். தோப்பும்படியில எலைய எறக்கிட்டு வந்துர்றேன். வாடிப்போச்சுன்னா அவன் வாங்க மாட்டான்."

வண்டியை விட்டுக்கொண்டு போயே போய்விட்டான். மாமனார் ஆகப்போகிறவரை நடுப்பாலத்தில் நிறுத்திவிட்டு இலையைக் கவனிக்கப் போகிறான். எனக்குக் கோபம். மச்சானுக்கு இல்லை. "வாடத்தான செய்யும்" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். அவன் தாயார் மூக்கம்மாள் கதவைத் திறந்து, "வாங்கண்ணே, வாங்க" என்று பாய் விரித்தது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்த மனுசி, ஒன்றும் குடிக்கச் சொல்லவில்லை. ஆனால் அடுப்பில் காப்பி கொதிக்கிற வாடையை அது என்ன செய்யும்? நான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேல்பாண்டி வந்ததும் மச்சான் நேராக விசயத்துக்கு வந்துவிட்டார். சொத்து, நகை, ஒன்றையும் பேசவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கல்யாணம் முடிஞ்சு எம்மக இங்கன வந்த மறுநா, அவ தனியா இந்த வீட்லருந்து எர்ணாகுளம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும். போட்டுல. கூட ஒருத்தரும் போகக்கூடாது."

மூக்கம்மாள் எழுந்தது.

"என்னண்ணே பேசுறீக? புதுப்பொண்ணு வந்த மறுநாளே வீட்ட விட்டு ஓட வழி காட்டுறீகளா?"

"ஓடுறதுக்கு இல்ல ஆத்தா..."

"பெறகு எதுக்கு? எம்மகன் என்ன, கையக் கால ஒடிச்சுப் போட்ருவானா? ஊரு சிரிக்காதா? மறுநாளே மருமகள பஸ் ஸ்டாண்டுக்கு வெரட்டிட்டாகன்னு?"

"இந்த ஊருல ஒருத்தனுக்கும் ஒங்களத் தெரியல. எவன் சிரிக்கப் போறான்?" என்று நான் இடையில் நுழைந்தேன். நுழைந்திருக்கக்கூடாது. மூக்கம்மாள் என் பக்கம் திரும்பிப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டது. நாற்பது வீட்டுக்குத் தன்னைத் தெரியும் என்றும், என் மூஞ்சியைப் பார்த்துத்தான் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை என்றும் சொன்னது. முனீஸ்வரியின் முகம் என் கண்முன் வந்தது. கலைந்தது சம்பந்தம் என்றே முடிவு பண்ணிவிட்டேன்.

வேல்பாண்டி வாழைநாரை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"அந்தப் பிள்ளைக்கு மலையாளம் தெரியாதுல்ல மாமா?"

"தெரியாது."

"மறுநா வேணாம்."

மச்சான் முகம் சுண்டிவிட்டது.

"மறுநா விருந்துக்கு வருவாக. மூணாம் நாளு போகட்டும். ஜெட்டியில பொம்பளைகளுக்கு வரிச தனி, அது தெரியாம ஆம்பளைக வரிசையில நின்னா ஏசுவாக. அத மட்டும் சொல்லிக் குடுத்துர்றேன். போட்டுப் பலகையில பேரு மலையாளத்துலதான் இருக்கும், அந்த எழுத்தையும் காட்டிர்றேன். கூடப் போக மாட்டேன்." தாயார் பக்கம் திரும்பினான். "நீயும் போகாத. நீ இங்கன வந்த புதுசுல எத்தன வருசம் வாசலத் தாண்டாமக் கெடந்தன்னு நீதான சொல்லி அழுவ?"

மூக்கம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டது.

மச்சான் வேல்பாண்டி விரலில் சுற்றிய நாரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முதுகில் ஒரு குத்துவிட வேண்டும் போலிருந்தது. கடைசியில் அடுப்படிப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "ஆத்தா, குடிக்கத் தண்ணி குடு."

செம்பு நிறையக் கொண்டுவந்து ணங்கென்று வைத்தது. மனுசன் மூச்சுவிடாமல் குடித்தார். இன்னொரு செம்பு கேட்டார். அப்புறம் காப்பி, முறுக்கு, ராத்திரிக்கு என்று வைத்திருந்த மீன் குழம்பு, எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தார். மட்டாஞ்சேரியில் அவ்வளவு சாப்பிட முடியும் என்று தெரிந்திருந்தால் காலையிலேயே சம்மதித்திருப்பார் என்று ஊர் திரும்பியதும் அக்காளிடம் சொன்னேன். அக்காள் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த விஜி உள்ளே எழுந்து போனாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. இத்தோடு என் கால் தப்பியது என்று நினைத்தேன். முனீஸ்வரி கொச்சி போன மூன்றாம் நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் மச்சான் பையோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

"கெளம்பு மாப்ளே."

"கூட ஒருத்தரும் போகக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக?"

"கூடப் போகல. பஸ் ஸ்டாண்டுல நிப்போம். அவ்வளவுதான்."

காலையிலிருந்து எர்ணாகுளம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். கோட்டயம் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு தூண். அதற்குப் பின்னால் இரண்டு பேரும் ஒளிந்துகொண்டோம். தடித்த தூண் இல்லை. நான் பாதி வெளியே. எல்லோரும் எங்களைப் பிக்பாக்கெட் மாதிரிப் பார்த்தார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து எங்கே போகவேண்டும் என்று கேட்டார். எங்கும் போகவில்லை என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஓடைப்பட்டித் திராட்சை. ஒரு குலையை எடுத்துத் தின்றுகொண்டே போனார்.

முனீஸ்வரி வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. மச்சான் வேர்த்துக் கொட்டினார்.

"போட்டு மாறி ஏறிட்டாளோ?"

"ஏறினா கோட்டைக் கொச்சியில விடும். நீங்கதான் பாத்து வச்சிருக்கீகள்ல?"

"தண்ணியில..."

"வாய மூடுங்க மச்சான்."

ஜெட்டிப் பக்கம் போய்ப் பார்த்து வரலாமா என்று நான் வாயெடுக்கும்போது அவள் வந்தாள். கல்யாணத்துக்கு எடுத்த சேலை. கையில் வளையல் கடைப் பொட்டலம், இன்னொரு கையில் ஐஸ். பிராட்வே கடைத்தெருவில் கடை கடையாகப் பார்த்துவிட்டுச் சாவகாசமாக வந்திருக்கிறாள். இங்கே இரண்டு கிழடுகள் தூணுக்குப் பின்னால் செத்துக்கொண்டிருக்கிறோம்.

நேராக விசாரணை ஜன்னலுக்குப் போனாள். "குமுளி" என்றாள். உள்ளே இருந்தவர் மலையாளத்தில் ஏதோ சொன்னார். அவளுக்குப் புரியவில்லை. போகமாட்டாள் என்று நினைத்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் "குமுளி, எத்தன மணி?" என்று விரலைக் காட்டிக் கேட்டாள். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அவள் நகரவில்லை. அவர் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் விரல் மடக்கிக் காட்டினார். அவளும் கூடவே மடக்கினாள். பிறகு கோட்டயம் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து, போர்டை அண்ணாந்து பார்த்து, எழுத்தின் சுழியை விரலால் காற்றில் வரைந்தாள். எங்கள் தூணுக்கும் அவளுக்கும் இடையில் ஒரு பஸ் அகலம்தான். மச்சான் என் கையை நெரித்துப் பிடித்திருந்தார்.

அவள் ஐஸ் குச்சியைப் போட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, திரும்பி நடந்தாள்.

"கூப்புடுங்க மச்சான். இம்புட்டுத் தூரம் வந்துட்டு ஒரு வார்த்த பேசாமயா?"

"வேணாம்."

"திராட்சையாச்சும் குடுப்போம்."

"கூப்ட்டா, நாம இருக்கோம்னு ஆயிரும்டா" என்றார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் ரோட்டைக் கடந்து ஜெட்டி போகிற தெருவில் திரும்பினாள். தலை மறைந்தது. எதிரே குமுளிப் பஸ் வந்து நின்றது. சீட்டுக் கிடக்கிறது, ஏறுங்கள் என்று இழுத்தேன்.

"இரு மாப்ளே. நீ மெதுவா ஜெட்டி வரைக்கும் போயி, அவ பொம்பளைக வரிசையிலதான் நிக்காளான்னு மட்டும் ஒரு எட்டுப் பாத்துட்டு வா. ஒன்னய அவ பாத்துறக் கூடாது."

"நான் போக மாட்டேன்."

"போடா."

பஸ் கிளம்பிப் போனது. நான் ஜெட்டிப் பக்கம் நடந்தேன்.